குழாயில் அடைத்த சாக்கு

சேந்தமங்கலத்திலிருந்து கொழும்புக்கு ஒரு மிளகுப் பொட்டலம் வந்திருக்கிறது. பிரித்ததும் அறை முழுக்க அடுப்புப் புகை வாசம். உங்கள் வீட்டுப் பரணில் கிடந்த மிளகு. கூடவே உங்கள் மனைவி யாரிடமோ சொல்லி எழுதுவித்த கடிதம். நீங்கள் காய்ச்சலில் இறந்து ஆறு மாதம் ஆயிற்று என்பதை அதில்தான் படித்தேன். நான் உங்களிடம் எழுதிக் கேட்ட ஒரு கேள்விக்கும் அதில் பதில் இருந்தது.

இங்கிருந்து நாங்கள் நான்கு பேர் கப்பலேறி வந்தது உங்களுக்கு வீடு கட்டித் தரத்தான். கொல்லிமலையில் ஒரு குடும்பத்தின் வீடு எரிந்துபோனது என்று எங்கள் வாலிபர் சங்கத்தில் ஒரு சேந்தமங்கலத்துக்காரர் சொன்னார். வந்து பார்த்தால், பிள்ளைத்தாய்ச்சி மனைவியோடு நீங்கள் அண்டை வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருந்தீர்கள். மழைக்கு முன் கூரை ஏற வேண்டும். நான் அப்போதுதான் ஓவர்சீயர் பரீட்சை தேறியவன். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைப்பு.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலையேறும்போது, நான் செய்வித்த தகரப் புகைபோக்கியை நீங்கள்தான் தலையில் சுமந்தீர்கள்.

“ஏனுங்க, இந்தக் கொழாய்க்குப் பதிலா ஒரு கன்னுக்குட்டியத் தூக்கியாந்திருந்தா, நாளைக்குப் பாலாச்சும் கறந்திருக்கலாமுங்க.”

“புகையிலே பிள்ளைக்குக் கண் கெட்டுப்போகும். கதைக்காமல் நடவுங்கோ” என்றேன்.

மூங்கில் தட்டி, மண்பூச்சு, புல் கூரை, நடுவே என் குழாய். எல்லாம் முடிந்து அடுப்பு மூட்டினீர்கள். குழாயில் புகையைக் காணோம். புல்லின் இடுக்கெல்லாம் கசிகிறது. ஏறிப் பார்த்தேன். சாக்கைச் சுருட்டி உள்ளே திணித்திருந்தீர்கள்.

“பொகை கூரையில தங்கோணுமுங்க. இல்லீன்னா மூங்கிலப் பூச்சி அரிச்சுப்போடும்.”

“அதெல்லாம் பழங்கதை. எடுங்கோ அதை.”

“இல்லீங்க.”

அந்த ‘இல்லீங்க’வில் மரியாதை இருந்தது, பேச்சுக்கு இடம் இல்லை. “அப்படியென்றால் புகைக்குள்ளேயே கிடவுங்கோ” என்று கத்திவிட்டு, சாப்பிடாமல்கூட மலை இறங்கினேன். நான் விட்டுவிட்டு வந்த, சுவர் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு காரவள்ளி வரை பின்னாலேயே வந்தீர்கள்.

“கோவத்துல சாமானை உட்டுட்டுப் போறீங்களே, சாமி. செரிங்க, நீங்க சொன்னாப்புலயே சாக்கை எடுத்துப்போடறேன். மொகத்தத் திருப்பாதீங்க.”

ஜெயித்துவிட்ட திருப்தியோடு கப்பலேறினேன்.

மூன்று வருஷம் கழித்து, இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அதே வரைபடத்தில், அதே புகைபோக்கியோடு நான் கட்டிய வீட்டின் கூரை பட்டப்பகலில் அப்படியே உட்கார்ந்தது. நல்ல வேளை, உள்ளே ஆள் இல்லை. விழுந்த மூங்கில் ஒன்றை ஒடித்தேன். மாவாக உதிர்ந்தது.

அங்கே உங்கள் கூரையின் கீழே ஒரு குழந்தை இருந்தது. சாக்கை எடுத்துவிடுவதாக எனக்கு வாக்குக் கொடுத்திருந்தீர்கள். நீங்கள் சொன்ன சொல் தவறாதவர் என்பதுதான் என் பயமே. அன்றைக்கே எழுதினேன்: குழாயை உடனே அடையுங்கள், கூரையைத் தட்டிப் பாருங்கள், எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. தபால்காரனைக் கண்டால் வாசலுக்கு ஓடுவேன்.

இப்போது உங்கள் மனைவி எழுதுகிறார்: “கூரை கல்லாட்டம் நிக்குதுங்க. சாக்கை எடுக்கவே இல்லீங்க. நீங்க எப்பவாச்சும் மலையேறி வந்தா மட்டும் எடுத்துப்போட்டு, போனதும் அடைச்சுரச் சொல்லியிருந்தாரு. பொண்ணு சொகமா இருக்கறாளுங்க.”

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம்தான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது. என்னிடம் பொய் சொன்ன ஒருவருக்கு இவ்வளவு கடமைப்பட்டிருப்பேன் என்று நினைத்ததே இல்லை. என் அவசரமும் கோபமும் இன்னும் போகவில்லை. ஆனால் வேலைத்தளத்தில் யாராவது ‘இல்லை ஐயா’ என்றால், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஏன் என்று கேட்கிறேன். அந்த அளவுக்கு உங்களால் ஆயிற்று.

மாசியில் வருகிறேன். எனக்காகச் சாக்கை எடுக்க வேண்டாம் என்று உங்கள் வீட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டேன்.