தழும்பு இருந்தாலும் பரவாயில்லை

இன்று காலை தையல் பிரிவில் புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். தொப்பி, கோட்டு, மாஸ்க். என்னைக் கடக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் மட்டும். பசை நெடியில் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். வருடக்கணக்காக அந்த நெடியிலேயே நிற்கிறவன் நான். யாரும் நம்பவில்லை.

நீயும் அப்படித்தான் வந்தாய். படத்தில் ஷூ கம்பெனித் தொழிலாளியாக நடிக்க வேண்டும், வேலை பழக வந்த நடிகை நீ என்பது மேனேஜருக்கு மட்டும் தெரியும். தையலைச் சரிபார்க்கும் சூப்பர்வைசரான எனக்கு நீ கலா. கோணல் தையல்காரி.

"இன்னாம்மா இது, பாம்பு போன தடம் மாதிரி?"

"பாம்புக்குத்தான் சார் தெச்சேன். வரச்சொல்லுங்க, அளவு பாக்கலாம்."

வரிசையே சிரித்தது. பிரித்துத் தைக்கச் சொன்னேன். இன்னும் கோணலாகத் தைத்து என் மேசைக்கே கொண்டுவந்தாய். தினமும்.

பிரியாணிக்குக் கூப்பிட்டால் பார்சல் வாங்கிக்கொண்டு ஓடுவாய். யார் எதிரிலும் சாப்பிட்டதில்லை. முகத்தில் ஏதோ தழும்பு என்று நானே முடிவுகட்டினேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது. நீ என் மேசையில் குனிந்தபோது மெல்லச் சொன்னேன்.

"மூஞ்சில தழும்பு இருந்தாலும் பரவால்ல. தழும்பில்லாத தோலே கிடையாது. என்னைக் கட்டிக்கிறியா?"

சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டாய். பிறகு மாஸ்க்கைக் கழற்றினாய். பெண்கள் வீறிட்டார்கள், தினமும் டிவியில் பார்க்கிற முகம். சீரியல் பக்கமே போகாத நான் மட்டும் உற்றுப் பார்த்து, "ஒண்ணுமே இல்லியே, அப்புறம் எதுக்கு மூடினே?" என்றேன்.

மேனேஜர் கூட்டத்தைக் கலைத்ததும் சொன்னாய்: "யாருன்னே தெரியாம கேட்டது நீங்க ஒருத்தர்தான் சார். கட்டிக்கிறேன்."

ஷூட்டிங் முடிந்ததும் நெமிலிக்கு, என் அம்மாவைப் பார்க்க வருவதாகப் பேச்சு. "முன்னாடியே சொல்லிப் பேஜார் பண்ணாதீங்க. அத்தை மூஞ்சி எப்டி மாறுதுன்னு நான் பாக்கணும்" என்றாய். சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து வந்த உன் கார் நாட்றம்பள்ளியைத் தாண்டவில்லை.

விபத்தைச் செய்தியில் பார்த்து அம்மா அழுதாள். "யாரு பெத்த பொண்ணோ. இந்தப் பக்கம் இன்னாத்துக்குடா வந்தா?" பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

போன ஞாயிறு பெண் பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

"யாராச்சும் இருக்காளாடா?"

"இருக்கா."

எப்படி வந்தது அந்தச் சொல், தெரியாது. அம்மாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. தினமும் போன். எப்போது கூட்டி வருகிறாய், என்ன சாப்பிடுவாள் என்று கேள்வி. நேற்று புடவைக் கடையில் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"அவளுக்கு இன்னா கலர்டா புடிக்கும்?"

"கேட்டுச் சொல்றேம்மா" என்றேன்.