மெர்சி அக்காவுக்காகச் சத்தமாகச் செய்த ஜெபம்

வெள்ளி இரவு, கடலூர்.

இன்று வீட்டு ஜெபக்கூட்டத்தில், சபைப் பெண்கள் ஐக்கியத் தலைவி என்பதால் நான்தான் விண்ணப்பங்களை ஏறெடுத்தேன். மெர்சி அக்கா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்ததும் வாயில் வந்துவிட்டது. "ஆண்டவரே, மறுபடியும் குடிக்கிற மெர்சி அக்கா புருஷனை விடுவியும்." எல்லாரும் ஆமென் என்றார்கள். கண்ணைத் திறந்தால், எதிரில் அக்கா மகளைப் பெண் கேட்டிருக்கும் சிதம்பரத்து மாப்பிள்ளையின் சித்தி.

சாயங்காலம் அக்கா வந்து வாசலிலேயே நின்றார். "எனக்காக ஜெபிச்சுக்கன்னுதானடி சொன்னேன்? மைக்கு போட்டு சொல்லச் சொன்னனா?"

"கர்த்தருக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நீ மெதுவாவே சொல்லியிருக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர், சாப்பிட்டுக்கொண்டே.

பிறகு அந்தச் சித்தி போன் செய்தார். "நீங்க ஜெபத்துல சொன்னது நெசந்தானா சிஸ்டர்? உங்க வாயால சொன்னா நம்புறோம்." காலையில் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

இல்லை என்றால், ஆண்டவர் முன் சொன்னதை மறுக்கிறேன். ஆமாம் என்றால், அந்தப் பெண்ணின் கல்யாணம் என்னால் நிற்கும்.

முழங்கால் போட்டேன். முதலில் அக்கா பெயர்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.