மேனேஜர் வைத்த வேட்பாளர்

அக்கா,

இன்று காலை அரியலூர் பேருந்து நிலையச் சுவரில் யாரோ சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சிய மைதாப் பசையின் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. நீங்கள் கண்மூடி ஓராண்டு ஆகப்போகிறது.

வரதராஜன்பேட்டையில் முந்திரி உடைக்கும் கொட்டகை நடத்திக்கொண்டே பேரூராட்சி வார்டுக்கு நின்றீர்கள். பகலில் கொட்டகையை விட்டு நகர முடியாது என்பதால், பிரச்சார வேலைகளைக் கவனிக்க என்னைச் சம்பளத்துக்கு வைத்தீர்கள். ஊர் சிரித்தது. "ஒரு வார்டுக்கு மேனேஜரா? சொந்தமா பேசத் தெரியாதவங்க நமக்கு என்ன செஞ்சுடுவாங்க?" என்று எதிர்த்து நின்றவரின் ஆட்கள் டீக்கடைகளில் பேசினார்கள். அதுவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தவர்கள்கூட, நம்மைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்கள்.

எனக்குப் பயம். "சொந்தக்காரப் பொண்ணுன்னு சொல்லிடுங்கக்கா" என்றேன்.

"ஓட்டு கேக்குறப்பவே பொய் சொன்னா, ஜெயிச்சப்புறம் என்னத்தச் சொல்லுவேன்?" என்றீர்கள்.

அன்று மாலை தண்ணீர்த் தொட்டி அருகே பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் இடைமறித்தார். "இதெல்லாம் அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்ததுதானம்மா?"

"ஆமாங்கய்யா. சம்பளத்துக்குத்தான் வச்சிருக்கேன். எந்தத் தெருவுக்கு எப்பப் போறது, மைக்குக்கு யார்கிட்ட பர்மிஷன் வாங்குறது, எல்லாம் அதுதான் பாக்குது. ஒரு வருஷத்துல இந்தச் சாக்கடைய சரி பண்ணிடுவேன்னு சொல்லச் சொல்லி எழுதியிருக்கு. அத நான் சொல்லமாட்டேன். மேட்டுத் தண்ணி பூரா உங்க வூட்டுப் பக்கந்தான் வருது. அதத் திருப்பாம ஒண்ணும் நடக்காது. அதுக்கு நாளாகும். ஆனா விடமாட்டேன்."

எனக்கு முகம் சுட்டது. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் என்னைப் பார்த்து, "ஏம்மா, நீ சொல்றத இவங்க கேக்கவே மாட்டாங்களா?" என்றார்.

"கேக்கவே மாட்டேங்குறாங்கம்மா" என்றேன், உண்மையான எரிச்சலோடு. கூட்டம் முழுதும் சிரித்தது. அந்தப் பெரியவரும் சிரித்தார்.

எந்தச் சுவரொட்டியாலும் கிடைக்காத நம்பிக்கை அந்தச் சிரிப்பில் நமக்குக் கிடைத்தது. மறுநாளிலிருந்து வீட்டுக்கு வீடு, "இது நம்ம மேனேஜர்" என்று சொல்லித்தான் என்னை உள்ளே அழைத்துப் போனீர்கள். நீங்கள் கொட்டகையில் இருந்த நேரங்களில், எரியாத தெருவிளக்கையும் வராத தண்ணீரையும் என்னிடம் வந்து சொன்னார்கள். உங்களிடம் சொன்ன மாதிரியே என்னிடமும் சொன்னார்கள்.

ஜெயித்தீர்கள். சாக்கடைக்கு மூன்று மழைக்காலம் ஆயிற்று. யாரும் உங்களை ஏமாற்றுக்காரி என்று சொல்லவில்லை. தண்ணீரைத் திருப்பிய அன்று, அந்தப் பெரியவரே எனக்குப் போன் செய்து, "வந்து பாரும்மா" என்றார்.

அதன்பிறகு பெரம்பலூர்ப் பக்கமும் பலருக்கு வேலை செய்துவிட்டேன். யார் கூப்பிட்டாலும் முதலில் ஒன்று கேட்கிறேன்: "நான் எழுதிக் கொடுக்கிறதில் எதைச் சொல்ல மாட்டீங்க?" சிலர் விழிக்கிறார்கள். அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன், அக்கா. நான் உங்கள் மேனேஜராக இருந்தவள்.