நிலவில் இறங்கிய நாளும் என் மருமகளும்

20.7.1994, புதன் இரவு
தோர்ண்டன் ஹீத், லண்டன்

இன்று எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

தங்கச்சியின் மகள் அபிராமிக்கு இன்று எட்டு வயது. தன் பிறந்தநாளில் நடந்த பெரிய சம்பவங்களைப் பற்றி அவள் இன்று வகுப்பில் பேச வேண்டியிருந்தது. நேற்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"மாமா, மனிசர் நிலவிலை இறங்கினது என்ர நாளிலை. எவரெஸ்ட்டிலை முதல் ஏறின ஒருத்தர் பிறந்ததும் என்ர நாளிலை. நான் பிறந்ததுக்கு ஒண்டுமே நடக்கேல்லை."

விடுவேனா?

"ஆர் சொன்னது? நீ அழுத சத்தத்திலை தேம்ஸ் ஆறு பின்னுக்கு ஓடினது. மகாராணி முடியைக் கழட்டி வைச்சிட்டு இடியப்பம் அவிச்சு அனுப்பினவ. நான் பஸ்ஸிலை எல்லாருக்கும் கற்கண்டு குடுக்க, டிரைவர் பஸ்ஸை நிப்பாட்டிப்போட்டு எழும்பி வந்து வாங்கினவர்."

இன்று பின்னேரம் துள்ளிக்கொண்டு வந்தாள். ஆற்றுக்கும் இடியப்பத்துக்கும் வகுப்பே கைதட்டியதாம்.

"கற்கண்டைச் சொன்னனியே?"

"இல்லை மாமா. தெரியாத ஆளிட்டை வெள்ளைக்காரர் வாங்கிச் சாப்பிடமாட்டினம். அது சரியான புளுகு."

கேக்கில் இன்னொரு துண்டு எடுத்தேன்.

பிள்ளை பிறந்தால் கற்கண்டு கொடுப்பது எங்கள் வழக்கம். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, கூட இருந்தவர்களை விட்டால் வேறு யாருக்குக் கொடுக்க? அந்த டிரைவர் இரண்டாம் தரமும் கையை நீட்டினார். "பெண்ணா?" என்று கேட்டார். புறப்படும்போது அவளுக்காக ஒருமுறை ஹோர்ன் அடித்தார்.

மற்றதெல்லாம் புளுகுதான், ராசாத்தி. அது மட்டும் நடந்தது.