தாள் உரிக்காத ஷீட்

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டுமாம். உங்கள் நலத்துக்கு என்ன குறை? போனில் இதையெல்லாம் சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்ததும் உங்களுக்கு எப்படியோ சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த வியாதி கிடையாது.

முதலில் பால்கனி விஷயம். வெளியூர் வேலைக்குப் போகும் முன் கம்பிகளுக்கு நடுவே அக்ரிலிக் ஷீட் அடித்துவிட்டு, 'என் கைவண்ணம்' என்று சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் படம் அனுப்பினீர்களே, அந்தக் கைவண்ணம் போன வாரம் கீழ்வீட்டுக்காரரின் துணிக்கொடியில் விழுந்தது. அக்கா உங்களிடம் 'லேசா உடைஞ்சுடுச்சு' என்றுதான் சொல்லியிருப்பாள். நடந்தது என்னவென்றால், உங்கள் மகள், அந்த வாலு, இரண்டு கையாலும் தள்ளினாள், ஷீட் போனது, பின்னாலேயே அவள் தலையும் கம்பிக்கு வெளியே போனது. அக்கா சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். நான் வந்து பார்த்தபோது குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அக்காதான் அவள் சட்டையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உடைந்த துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். அத்தான், ஒரு பொருளை இத்தனை விதமாகக் கெடுக்க முடியும் என்று எங்கள் அக்ரிலிக் பட்டறையில் யாருக்கும் தெரியாது. காய்கறிக் கத்தியால் கீறியிருக்கிறீர்கள். கால்வாசி ஆழம்கூட இறங்காமல் முட்டியில் வைத்து ஒடித்திருக்கிறீர்கள். அது நேராக ஒடிய அதற்கென்ன தலையெழுத்தா? அப்புறம் அடியில் கட்டை வைக்காமல், டிரில்லை முழு வேகத்தில் விட்டு, விளிம்பை ஒட்டித் துளை. துளையைச் சுற்றி எட்டுக்கால் பூச்சி வலை மாதிரி விரிசல். அதன்மேல் செம்புக் கம்பியால் ஒரு கட்டு வேறு.

நான் புது ஷீட் வெட்டினேன். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கொக்கி மூக்குக் கத்தியால் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப இழுத்தேன். கோட்டை மேசை விளிம்புக்கு நேராக வைத்து ஓர் அழுத்து. டக். அவ்வளவுதான். துளையை ஸ்க்ரூவைவிடப் பெரிதாகப் போட்டிருக்கிறேன். வெயிலில் ஷீட் விரியும். விரிய இடம் விடாவிட்டால் வெடிக்கும். இதுகூடத் தெரியாத நீங்கள்தான் அங்கே ஒரு பெரிய கட்டட வேலைத் தளத்தையே நிர்வகிக்கிறீர்களாம். கட்டடம் நிற்கிறதா?

வேலை முடிந்து, கீறல் விழாமலிருக்க ஷீட்டின் மேல் ஒட்டியிருக்கும் நீலத் தாளை உரிக்கப் போனேன். அக்கா கையைத் தட்டிவிட்டாள். 'விடுடா. உன் அத்தான் தானே வந்து உரிக்கிறேன்னு சொல்லியிருக்கார்' என்றாள். எப்போது வருவாராம் என்று கேட்டேன். 'அடுத்த மாசம்' என்று சொல்லிவிட்டு, நான் கேட்காமலேயே டீ போடப் போய்விட்டாள். அடுத்த மாதம் என்பது உங்கள் வீட்டில் எத்தனை முறை வந்துபோய்விட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை மாற்று ஆள் இல்லை. ஒரு தடவை மேலதிகாரி விடவில்லை. நீங்கள் ஒருநாள் லீவு போட்டால் பூமி சுற்றாது போலிருக்கிறது.

ஆக, இப்போது பால்கனியில் ஒரு நீலச் சுவர் நிற்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்க்ரூ முடுக்குவதற்காக ஒரு மூலையில் மட்டும் கட்டைவிரல் அகலம் தாளை எடுத்திருந்தேன். வாலு அதைக் கண்டுபிடித்துவிட்டாள். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் அங்கே ஒரு கண்ணை ஒட்டிவைத்துக்கொள்கிறாள். யாரைத் தேடுகிறாள் என்று உடனே உருகிவிடாதீர்கள். உங்களைத் தெருவில் தேட அவளுக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பது அந்தப் போன்தான். நேற்று அது சார்ஜில் கிடந்தது. என் வாயைப் பொத்தி, 'மாமா, கத்தாத. அப்பா தூங்குது' என்றாள். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

இனி தொழில் விஷயம். கவனமாகப் படியுங்கள். வெயில் ஏறினால் அந்தத் தாளின் பசை ஷீட்டோடு வெந்துவிடும். அப்புறம் நார் நாராகத்தான் வரும். பெயிண்டில் கலக்கும் தின்னர் போட்டுத் துடைத்தால் ஷீட்டே வெளுத்து விரிசல் விடும். தூக்கி எறிய வேண்டியதுதான். வெயில் இங்கே ஆரம்பித்துவிட்டது. அக்காவிடமும் சொன்னேன். 'தெரியும்' என்றாள். அவ்வளவுதான். இன்னொரு ஷீட் வெட்டித் தர எனக்கு ஒன்றும் சிரமமில்லை. அக்கா இன்னொரு தடவை உங்களுக்காகத் தாளை விட்டுவைப்பாளா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

நான் உரிக்க மாட்டேன். நகத்தால் மூலையைக் கிளப்பி, மெதுவாக, ஷீட்டோடு படுக்கவைத்து இழுக்க வேண்டும். இந்த வேலையிலேயே எதற்கும் லாயக்கில்லாதவர்களும் செய்யக்கூடியது அது ஒன்றுதான். அதையாவது வந்து செய்துவிட்டுப் போங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கத்தியை உங்கள் கையில் தராத
மைத்துனன்