சாரி கார்டைக் கழற்றிய அத்தானுக்கு

அத்தான்,

நேற்று பூதப்பாண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் உங்களைப் பார்த்தேன். மருந்துக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே, இரண்டு கமுகுக் கம்புகளுக்கிடையில், என்னைவிட உயரமாக நின்றுகொண்டிருந்தீர்கள். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் சாமந்தி மாலை, பக்கத்தில் என் அக்காவின் ஸ்கூட்டர். உங்களுக்குப் பின்னால் யாரோ கம்ப்யூட்டரில் தீ மூட்டியிருந்தார்கள். தலைக்கு மேல் 'வேகத்தின் வேந்தன்' என்று போட்டிருந்தது. காலடியில் முதலாமாண்டு நினைவஞ்சலி. அதற்கும் கீழே உங்கள் சேக்காளி செல்வன் கைகூப்பிச் சிரிக்கிற படம், களியக்காவிளையில் இருக்கும் அவருடைய உதிரிபாகக் கடையின் விளம்பரத்தோடு. உங்கள் சாவை வைத்தும் அவர் நாலு சைலன்சர் விற்றுவிடுவார்.

ஃபிளெக்ஸ் புதிது. வெயிலில் அதன் மைவாடை மூக்கில் ஏறியது. நான் நின்று பார்ப்பதைக் கண்டு டீக்கடைக்காரர் கேட்டார்: "ஆளத் தெரியுமா?"

"தெரியும். எங்க அத்தானாக்கும்."

"அப்பிடியா! பெரிய ரேஸ்காரரு, இல்லியா?"

அந்தப் படம் எடுத்த நாளில் நான் அங்கே இருந்தேன். ஃபிளெக்ஸில் உங்கள் வலப்பக்கத்தை வெட்டிவிட்டார்கள். அங்கே ஓர் ஆட்டோ நின்றது. ஆட்டோவுக்குள் தோளில் கட்டுப்போட்டுக்கொண்டு அக்கா இருந்தாள்.

அந்த ஸ்கூட்டர் அக்கா வாங்கியது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை, நேரம் மாறி மாறி வரும். காலை முறைக்குப் போக விடியும் முன்பே பஸ்ஸுக்கு நின்று அலுத்துப்போய், தன் சம்பளத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வண்டி எடுத்தாள். கண்ணாடியில் ஒரு துணி கட்டி வைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பாள். அப்போது நீங்கள் மஸ்கட்டில் இருந்தீர்கள். திரும்பி வந்தீர்கள். வீட்டுக்குள் நுழைந்து பெட்டியைக்கூடத் திறக்காமல் அவள் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்:

"இதென்ன வண்டியா, தையல் மிஷினா? ஒரு இழுப்பு கெடயாது. விடு, நான் இத ஆளாக்கித் தாறேன்."

அவள் அப்படி உங்களிடம் கேட்கவேயில்லை. அவளுக்கு அந்தத் தையல் மிஷின் போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும், திரும்பி வரும். ஆனால் வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்த உங்களுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. வேலைதான் கிடைக்கவில்லை, வண்டி கிடைத்தது.

முற்றத்தில் சாக்கை விரித்து அதைப் பிரித்துப் போட்டீர்கள். செல்வன் கடையிலிருந்து பெரிய சிலிண்டர் வந்தது, வாயகன்ற கார்புரேட்டர் வந்தது. காற்று வடிகட்டியைக் கழற்றி எறிந்தீர்கள், எஞ்சின் தாராளமாக மூச்சு விட வேண்டுமாம். பெல்ட் ஓடுகிற பெட்டிக்குள் இருந்த உருளைகளை எடுத்துவிட்டு எடை குறைந்தவற்றைப் போட்டீர்கள், கையைத் திருகியதும் பாயுமாம். ஒரு வாரம் என்றீர்கள். பருவமழை வந்து போயிற்று. அதுவரைக்கும் அக்கா பழையபடி பஸ்ஸுக்கு நின்றாள். நான் தக்கலையிலிருந்து வரும்போதெல்லாம் நீங்கள் கைலியில் கிரீஸோடு, ஒரு பெரிய டாக்டரைப்போல, ஸ்பானரை நீட்டி எனக்கு வகுப்பெடுப்பீர்கள். "ஏட்டி, கோர்ட்டுல டைப் அடிக்கிற உனக்கு இது மனசிலாகாது. வேகம்னா எடையாக்கும் மொதல்ல. எடையக் கொறச்சா வண்டி தானா பறக்கும்."

எடையைக் குறைக்கத்தான் கண்ணாடிகள் போயின. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற கம்பி போயிற்று. பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க இருந்த சாரி கார்டும் போயிற்று. அந்தக் கம்பிவலை ஒரு தேங்காயின் எடைகூட இருக்காது. மஸ்கட்டில் பிரியாணி தின்று வளர்த்த வயிற்றோடு அதன்மேல் நீங்கள் ஏறி உட்கார்ந்தீர்கள். எடை குறைந்துவிட்டதாம். அன்றைக்கு நான் சிரித்தேன். நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள்.

வண்டி தயாரானதும் ஊருக்கே தெரிந்தது. சத்தத்தில் அடுத்த வீட்டுக் கோழிகள் கூரைமேல் ஏறின. காலையில் குளிர்ந்த எஞ்சின் லேசில் பிடிக்காது. அக்கா யூனிஃபார்மோடு உதைத்து உதைத்து வியர்ப்பாள். நீங்கள் கட்டிலில் இருந்தபடியே "சோக்க இழு, சோக்க இழு" என்று கத்துவீர்கள். பெட்ரோலை அது தண்ணீர்போலக் குடித்தது. அக்கா ஒரு தடவைதான் கேட்டாள், "இத பழையபடி ஆக்கித் தருவியளா?" என்று. "தையல் மிஷின்ல போவணும்னா ஒரு தையல் மிஷின் வாங்கிக்கோ" என்றீர்கள். உங்கள் நகைச்சுவைக்கு நீங்களே சிரித்தீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனீர்கள். பட்டுச்சேலை, ஒரு பக்கமாக உட்கார்ந்தாள், கால் வைக்க இடமில்லாமல் தொங்கவிட்டுக்கொண்டாள். வளைவு தாண்டியதும் உங்கள் இழுப்பைக் காட்டக் கையைத் திருகியிருக்கிறீர்கள். சேலை சக்கரத்துக்குள் போயிற்று. அவளும் போயிருப்பாள். சேலை கிழிந்ததால் பிழைத்தாள். ரோட்டில் தோளடித்து விழுந்து எலும்பு முறிந்தது. அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே அவளைக் கிடத்தினார்கள்.

பார்க்க வந்தவர்களிடம் நீங்கள் சொன்னதை நான் கட்டிலுக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டேன்.

"அவ சேலைய ஒழுங்கா ஒதுக்கி இருக்கல்ல. நான் எத்தன மட்டம் சொல்லியிருக்கேன்!"

உங்கள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது, அக்கா கண்ணை மூடிக்கொண்டு "ஆமா, நாந்தான் கவனிக்கல்ல" என்று சொன்னபோது. வலி மாத்திரையின் மயக்கத்தில்கூட உங்களுக்குச் சாட்சி சொன்னாள்.

அவளை வீட்டுக்கு அனுப்பிய நாளில் நீங்கள் கார் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தீர்கள். காத்திருந்தோம். போனை எடுக்கவில்லை. "ஏதாவது சோலியா இருக்கும்" என்றாள் அக்கா. கடைசியில் நான் ஓர் ஆட்டோ பிடித்தேன். குண்டுகுழியில் ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்தாள். "பைய போங்க அண்ணே, பைய போங்க" என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

சானல்கரை ரோட்டில் திரும்பியதும் ஒருவர் கையை நீட்டி ஆட்டோவை மறித்தார். நாற்பது வயது தாண்டிய ஆம்பிளைகள் கூட்டமாக நின்றார்கள்.

"செத்த நேரம் நில்லும். ரேஸ் ஓடுது" என்றார் மறித்தவர்.

"சீக்காளி இருக்கு உள்ள" என்றார் ஆட்டோக்காரர்.

"ஒரு நிமிசம் ஓய். இப்பம் வந்துருவானுவ."

வந்தீர்கள். இரண்டு பக்கமும் நெல் கதிர் விட்டு நிற்க, நடுவில் நீங்களும் திருவட்டார்ப் பக்கத்து ஆள் ஒருவரும் ஹேண்டிலோடு ஹேண்டிலாக, மண்ணெண்ணெய் அடுப்புபோலக் கரும்புகை விட்டுக்கொண்டு. நீங்கள் ஒரு சக்கர நீளம் முந்தி வந்தீர்கள். செல்வன் தயாராக மாலை வைத்திருந்தார். தோற்றிருந்தால் அதை யாருக்குப் போட்டிருப்பாரோ தெரியாது. போட்டோ எடுத்தார்கள். அப்புறம்தான் ஆட்டோவையும் அதற்குள் யார் என்பதையும் கண்டீர்கள். வெட்கப்படுவீர்கள் என்று நினைத்தேன். மாலையோடு ஓடி வந்து தலையை உள்ளே நீட்டினீர்கள்.

"பாத்தியா? ஜெயிச்சாச்சு! நான் சொல்லல்லியா, இழுப்புன்னா இதாக்கும்!"

அக்கா அடிபடாத கையை நீட்டினாள்.

"சாவியத் தாங்க."

"எதுக்கு?"

"எனக்க வண்டியாக்கும் அது. தாங்க."

செல்வன் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவள் குரல் உயரவேயில்லை, வார்டில் நோயாளியிடம் கையை நீட்டச் சொல்கிற குரல். நீங்கள் கொடுத்தீர்கள். அவள் அதை என்னிடம் தந்தாள். "நீ ஓட்டிட்டு வா. அவரு எங்கூட ஆட்டோவுல வரட்டும்."

அத்தனை பேர் பார்க்க நான் உங்கள் வண்டியில், இல்லை, அவள் வண்டியில் ஏறினேன். மெதுவாகத்தான் திருகினேன். அது என்னைப் பிடரியைப் பிடித்து இழுத்ததுபோல் முன்னால் பாய்ந்தது. வயிறு பின்னால் தங்கிவிட்டது. வரப்பு, தென்னை, மின்கம்பம் எல்லாம் ஒன்றாகக் கரைந்து ஓடின. பயத்தில் கத்தினேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பயம் மட்டும் இல்லை. ஒரு விஷயத்தில் நீங்கள் பொய் சொல்லவில்லை, அத்தான். அது ஓடியது. அதை மறுக்க முடியாதது எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. இத்தனை நன்றாக ஒரு காரியம் செய்யத் தெரிந்தவர், அதை யாருக்காகச் செய்கிறோம் என்று மட்டும் ஒருநாளும் யோசிக்கவில்லை.

வீட்டு வாசலில் காத்திருந்தேன். ஆட்டோவிலிருந்து மாலையோடு இறங்கினீர்கள், கல்யாண வீட்டில் சாப்பாடு கிடைக்காமல் திரும்பியவரைப்போல.

மறுநாளே அக்கா வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுப் பழைய பாகங்களை மாட்டச் சொன்னாள். சாரி கார்டும் வந்தது. நீங்கள் அவளோடு மாதக்கணக்கில் பேசவில்லை. தண்டனையாம். வீடு அமைதியாக இருந்தது என்று அவள் என்னிடம் சொன்னாள். நீங்கள் தெருமுனை டீக்கடையில் அந்த ரேஸைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். சொல்லச் சொல்ல ரோடு நீண்டது. கடைசியில் நீங்கள் முந்தியது ஒரு சக்கர நீளம் இல்லை, ஒரு தென்னந்தோப்பு நீளம்.

பிறகு உங்கள் கடைசி ஞாயிறு. நானும் சாப்பிட வந்திருந்தேன். மீன்குழம்புக்குப் பிறகு நெஞ்சைத் தடவிக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தீர்கள். "வாயு" என்றீர்கள். சோடா கேட்டீர்கள். அக்கா உங்கள் முகத்தைப் பார்த்தாள், கையைத் தொட்டாள், வியர்வை சில்லென்று இருந்தது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். தெருவில் இருந்த ஒரே ஆட்டோ கல்யாணத்துக்குப் போயிருந்தது. ஸ்கூட்டரை வாசலுக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்தாள். ஒரே அழுத்தில் பிடித்தது.

"ஏறுங்க. நடுவுல இருங்க. இவ பொறத்த இருந்து பிடிச்சுக்கிடுவா. கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஆஸ்பத்திரி. இப்பம் போனா ஒண்ணும் ஆவாது."

நீங்கள் வண்டியைப் பார்த்தீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னீர்கள்:

"ரெண்டு பொம்பளைக்கு நடுவுல, இந்தத் தையல் மிஷின்ல இருந்து சந்த வழியா நான் வாறதா? நாலுபேரு பாத்தாச் சிரிக்க மாட்டானுவளா? செல்வனக் கூப்பிடு. காரு வரும்."

"ஏறுங்க, உங்க காலப் பிடிக்கேன்."

"செல்வனக் கூப்பிடுன்னு சொன்னேன்."

அவள் உங்கள் காலைப் பிடித்தாள். நிஜமாகவே குனிந்து இரண்டு கையாலும் பிடித்தாள். நீங்கள் உதறிவிட்டீர்கள். எஞ்சின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா போன் செய்தாள். செல்வன் பார்வதிபுரத்தில் இருக்கிறேன் என்றார், இதோ வந்துவிட்டேன் என்றார், வரவில்லை, மறுபடியும் இதோ என்றார். அவர் கார் தெருவுக்குள் திரும்பியபோது உங்கள் தலை அக்காவின் மடியில் சாய்ந்திருந்தது. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலில் அக்காவுக்குத் தெரிந்த டாக்டர் ஓடி வந்து பார்த்துவிட்டு, அவள் தோளில் கைவைத்தார்.

அழுதேன். அதைச் சொல்லிவிடுகிறேன். துக்கத்தைவிடக் கோபத்தில்தான் அதிகம் அழுதேன். இப்படியொரு அற்பத்துக்காகவா ஒரு மனிதர் சாவார் என்று.

போன வாரம் அக்காவோடு புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். நானும் இருந்தேன். உங்களைப் பற்றிக் கேட்டாள். அக்கா காபி ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"நான் வண்டிய எடுத்தேன். அவரு எனக்க பொறத்த ஏறி இருக்கத்தான் எழும்பினாரு. அதுக்குள்ள காரு வந்துட்டு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "இல்லியா, ஏட்டி?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிற முகம் இல்லை அது. ஒரு வருஷமாக ஒவ்வொரு இரவும் உங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படியிலிருந்து எழுப்பியிருக்கிறாள். கடைசியில் நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

"ஆமாக்கா" என்றேன்.

உங்களுக்காகச் சொல்லவில்லை, அத்தான். நீங்கள் எழும்பவில்லை. படியில் உட்கார்ந்து நீங்கள் சொன்ன சொல்லை அக்கா எப்படியோ இறக்கி வைத்துவிட்டாள். அவள் மறுபடி அதைக் கேட்க வேண்டாம். அது இனி என்னிடமே இருக்கட்டும்.