நம் வீட்டு மைக்செட்டில் உன் பாட்டு

அருமனை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஜினிஷாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பா சுகம், கோழிகள் சுகம், நீயும் உன் பாட்டுக் கூட்டாளிகளும் அந்தக் குளிர் நாட்டில் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். என் சுகத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், அவசரத்தில் தாண்டிப் போய்விடாதே. இங்கே மழை விடாததால் ரப்பர் பால்வெட்டு நின்றுபோய் அப்பா வீட்டிலேயே கிடக்கிறார். தினமும் போனில் பேசுகிறவளுக்கு இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனை அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், எனக்கோ உன்னிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. முத்துநாயகம் மகள் ஸ்மிதா லீவு முடிந்து அயர்லாந்துக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதையும் கொஞ்சம் ஏத்தங்காய் வறுத்த உப்பேரியும் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் முதல் ஆல்பம் வந்த அன்று அப்பா இருந்த இருப்பைச் சொல்லி முடியாது. எல்லாப் பாட்டையும் போனில் கேட்டார், காது மந்தமானவருக்கு அது போதவில்லை. என் மகள் பாடினது இந்தச் சின்ன டப்பாவுக்குள்ளே கிடக்கவா என்று சவுண்ட் சர்வீஸ் பிரைட்டனைக் கூப்பிட்டு மறுநாள் காலையிலேயே முற்றத்து அயனி மரத்தில் ஸ்பீக்கர் குழாய் கட்டவைத்துவிட்டார். நான் வேண்டாம் என்றேன், யார் கேட்டார். உங்கள் பாட்டு என்ன வகை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கனவில் கேட்கிற நாட்டுப்பாட்டு என்று நீதான் ஒருமுறை சொன்னாய். ஆர்மோனியம் ஒரே சுரத்தில் இழுத்துக்கொண்டே கிடக்கிறது, உன் கூட்டாளி அந்தச் செந்தாடிக்காரனின் கிட்டார் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது, நம் தோட்டத்து மழைச் சத்தத்தை வேறு நடுவில் போட்டிருக்கிறாய், அதற்குள்ளே நீ மெதுவாக, எங்கோ தூரத்தில் நின்று பாடுகிறாய். வீட்டுக்குள் கேட்டால் அழகுதான் மகளே. ஆனால் பந்தல் போடாத வீட்டில், வேலை நாள் காலையில், குழாயில் இப்படி இழுவைப் பாட்டு கேட்டால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். சந்தோஷத்தில் உன் அப்பாவுக்கு அது தோன்றவேயில்லை. துக்க வீட்டுக்கெல்லாம் மைக்செட் கட்டுகிற பிரைட்டனுக்காவது தோன்றியிருக்க வேண்டாமா.

நான் அடுக்களைக்குப் பின்னால் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் தொலித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுத் தாணம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வந்து, எப்பளாக்கும் போனா, நேத்துகூட கிணத்தங்கரையில நின்னு பேசினாளே என்று முற்றத்தில் கதறியது எனக்குக் கேட்டது. பின்னாலேயே பெண்கள் சங்கத்தார் வெள்ளைப் புடவையில் ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள், நம் சபை உபதேசியார் இஸ்ரவேல், பாட்டுப் புத்தகங்களை இடுக்கிக்கொண்டு வந்தார். நான் கையில் கத்தியோடு முன்னால் வந்து நின்றேன். ஏட்டி நீ இருக்கியா என்று தாணம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பார்த்தால் சிரிக்கிறது நான் ஒருத்திதான்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருப்பவர் உன் அப்பா, நம் வீட்டில் குழாய் கேட்டால் அவர்தானே முதலில் நினைவுக்கு வர வேண்டும். முற்றத்தில் நின்ற அவரைப் பார்ப்பதற்கு முன்பே, கேட்டுக்கு வெளியே நின்றவர்கள்கூட என் பெயரைச் சொல்லித்தான் அழுதார்கள். யார் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை, எப்போது போனாள் என்றுதான் கேட்டார்கள். வயிற்றில் சின்னக் கட்டி, மருந்திலேயே கரைந்துவிடும் என்றுதான் உன் அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். ஊரில் எல்லாருக்கும் வேறு கணக்குத் தெரிந்திருக்கிறது. வெறும் தவறாக இருந்தால் அவர் பிரைட்டனை நாலு திட்டுத் திட்டிவிட்டு நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார். பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார், தோள் குலுங்கியது. நான் பார்க்காத மாதிரி வந்தவர்களுக்கெல்லாம் கட்டன்சாயா போட்டுக் கொடுத்து, மீதிப் பாட்டையும் போடச் சொன்னேன். கொள்ளாம், நல்ல பாட்டுதான், ஆனா எங்க ஆமென் சொல்லணும்னு தெரியல்ல என்றார் உபதேசியார். தம்ளரைத் திருப்பித் தரும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ நர்ஸ். ஸ்கேன் ரிப்போர்ட் முதலில் உனக்குத்தான் வந்திருக்கும். ஆல்பம் கிறிஸ்துமஸுக்குத்தான் என்றவள் ஓணத்துக்கு முன்பே அவசர அவசரமாக வெளியிட்டது எதற்கென்று இப்போது புரிகிறது, வீடியோவில் கிட்டே வா, கண்ணைக் காட்டு என்று சொன்னதும் புரிகிறது. அந்தக் கோபத்தில்தான் கொஞ்ச நாள் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது கோபம் போய்விட்டது, பயம்தான் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. கோயிலில் கண்ணை மூடினால் ஜெபம் வரமாட்டேன் என்கிறது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அப்பாவிடம் சொல்லிவிடாதே. நான் இரண்டு வாய் கஞ்சி கூடுதலாகக் குடித்தால் அந்த மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம், அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை.

ஆல்பத்துக்காக ஊர் ஊராகப் பாடப் போகிறோம், டிக்கெட் விற்றாயிற்று என்றாய். கூட்டாளிகளை நடுவழியில் விட்டு வருவது சரியல்ல என்று எனக்கும் தெரிகிறது, ஆனாலும் வா மக்கா. அந்த நாள் வந்தால் ஊரார் வருவார்கள், அவர்கள் ஒருமுறை வந்து பார்த்தும் விட்டார்கள். அன்றைக்கு மரத்துக் குழாயில் கீர்த்தனை பாடினால் போதும். உன் பாட்டு எனக்குக் காது கேட்கிறபோது வேண்டும், நீ என் முன்னால் உட்கார்ந்து பாட வேண்டும், எங்கே முடிகிறது என்று நான் உன்னிடமே கேட்டுக்கொள்வேன்.

இயேசப்பா உன் கையையும் தொண்டையையும் காக்கட்டும். ஈரத் தலையோடு டூட்டிக்குப் போகாதே. ஒன்று மட்டும் மறக்காதே, விமானத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது வருகிற தேதியை மட்டும் போடு, திரும்பிப் போகிற தேதியை இப்போது போடாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ரத்தினம் ராஜையன்